சந்தனம் பூசிய கேமரா

ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் நின்றிருந்த காரின் பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள் காரோட்டி பூர்ணிமா. பின்னால் வந்து இடித்த கம்பெனி வேனின் டிரைவர் நவநீதன், "இந்தம்மாதான் ரிவர்ஸ்ல வந்து மோதிட்டாங்க சார்" என்று கூசாமல் புளுகியிருந்தான். என்ன நிதானம் பாருங்கள், குரல்கூட நடுங்கவில்லை!

"பொம்பளைங்க வண்டிய எடுத்தா இப்டித்தான். நாளைலேர்ந்து வேற கார் பாத்துக்கறோம்" என்றார் மேனேஜர் கோதண்டபாணி.

பேரணாம்பட்டிலிருந்து தையல் பெண்களை ஏற்றிவரும் இந்த ஒரு சவாரியை நம்பித்தான் பூர்ணிமா கார் வாங்கியிருந்தாள். ரத்தம் கொதித்தாலும் உள்ளுக்குள் ஒரு தெம்பு இருந்தது. முன்னும் பின்னும் கேமரா வைத்த வண்டி அல்லவா!

"இருங்க சார், யாரு இடிச்சாங்கன்னு நீங்களே பாருங்க" என்று பின்கேமராவின் பதிவைப் போனில் ஓடவிட்டாள்.

திரை முழுக்க மஞ்சள் மங்கல், நடுவில் சிவப்பாக ஒரு வட்டம். வேனும் இல்லை, ரோடும் இல்லை. முந்தாநாள் ஆயுத பூஜை. டயர், ஜாக்கி என்று ஒன்றுவிடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்த கை, கேமராவின் கண்ணுக்கும் பக்தியாக ஒரு பொட்டு வைத்திருந்தது. கூடியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். தன் கையையே வெட்டிப்போடலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

விடவில்லை. முன்கேமராவின் பதிவை எடுத்தாள். மூடிய கேட்டுக்கு முன்னால் கார் சும்மா நிற்கிறது. தடாலென்று ஒரு சத்தம். கேட் பாய்ந்து கிட்டே வருகிறது.

"ரிவர்ஸ்ல போனா கேட்டு தள்ளில்ல போவணும்? கிட்ட வருதே, இன்னா சொல்றீங்க?"

நவநீதன் தலையைச் சொறிந்தான். கோதண்டபாணியின் குரல் இறங்கிவிட்டது.

"சரி விடும்மா, வண்டின்னா இதெல்லாம் சகஜம். நாளைக்கும் நீயே வா."

"இப்ப மட்டும் சகஜமா? பின்சீட்ல இருந்த பொண்ணுங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா சார்?" என்று கத்திக்கொண்டே பூர்ணிமா திரும்பினாள்.

அவள் காரில் வந்த ஷஹீன் பானு, சுவரோரம் இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"இன்னாச்சு பானு?"

"இடிச்சப்பவே புடிச்சிக்கிச்சுக்கா. திருப்ப முடியல."

"ஏன் சொல்லல?"

"நீங்க எல்லாரும் வண்டியத்தானே பாத்துட்டிருந்தீங்க."

பூர்ணிமாவுக்குச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. போனைப் பையில் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகக் காரின் கதவைத் திறந்தாள்.