ஒன்பதாம் தூணின் சமையலறை

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்தின் நான்காவது கட்டத்தில் பிறந்தது. 'முன்பு குடியிருந்த முகவரி' என்று கேட்டிருந்த இடத்தில் வெர்லீன் டப்ஸ் 'ஒன்பதாம் தூண்' என்று எழுதினாள். பக்கத்து நாற்காலியில் இருந்த நான் எட்டிப் பார்த்துவிட்டேன். கெட்ட பழக்கம்தான். எழுதுகிறவனுக்கு வேறு முதல் கிடையாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நகரின் நெஞ்சைப் பிளந்து ஓடிய அந்த நெடுஞ்சாலை, கண்ணீர் மல்க—'

வேண்டாம். சிமெண்டுக்கு ஏது கண்ணீர்.

2

1967இல், எங்கள் ஏரிக்கரை நகரத்தில், கறுப்பின மக்கள் குடியிருந்த டெல்லர் தெருவை இடித்து, தூண் நட்டு, மேலே விரைவுச் சாலை போட்டார்கள். வெர்லீனுக்கு அப்போது நான்கு வயது. அப்பா ஆர்வில் வாடகைக்கு இருந்தவர், பத்திரம் கிடையாது. இடித்த பிறகும் ஞாயிறுதோறும் மடக்கு நாற்காலியோடு வந்து, வீடு இருந்த இடத்தில் நின்ற ஒன்பதாம் தூணடியில் உட்காருவார். "யார்ரா அது, என் சமையலறைல காரை நிறுத்துறது?" என்று சத்தம் போடுவார். தூணில் பெயிண்டால் 'டப்ஸ்' என்று எழுதியும் வைத்தார்.

(அவரைப் பைத்தியமாக எழுதிப் பார்த்தேன். சரிவரவில்லை. அந்தத் தெருக்காரர்கள் எல்லாருமே தூணை வைத்துத்தான் தங்கள் வீடு இருந்த இடத்தை அடையாளம் சொன்னார்கள்.)

சாலையை இடிக்கச் சொல்லி இருபது வருடம் போராட்ட அட்டை பிடித்தவள் வெர்லீன். போன வருடம் இடித்தார்கள். வெளிச்சம் வந்தது. வெளிச்சம் வந்ததும், பக்கத்தில் அவள் இப்போது குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் வாடகையை ஏற்றினார். மாதக் கடைசிக்குள் அவள் காலி செய்தாக வேண்டும். சாலை இருந்த நிலத்தில் எழும் புது வீடுகளில் நாற்பது, பழைய தெருக்காரர்களுக்கு ஒதுக்கீடு.

3

அந்த ஒதுக்கீட்டு அலுவலகத்தில் படிவம் வாங்குகிறவன் பெயர் கார்வின். (வில்லனாக்கப் பார்த்தேன். தன் மதியக் கோழி வறுவலில் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டான். போச்சு.)

"அக்கா, டெல்லர் தெருன்னு கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்லையே."

"இருந்தா நான் ஏன் தம்பி இங்க வரப்போறேன்? இடிச்சதுக்குத்தானே வீடு குடுக்கிறீங்க?"

"இடிக்கிறதுக்கு முன்னாடி இருந்துச்சுன்னு காட்டணும்ல."

"தூணைத்தான் காட்டணும். அதையும் பிடுங்கிட்டீங்க."

"பிடுங்கச் சொன்னதே நீங்கதானேக்கா! சுவத்துல போட்டோ மாட்டியிருக்கு பாருங்க."

பார்த்தாள். ஒன்பதாம் தூண். முன்னால் அட்டையோடு அவள். 'டப்ஸ்' என்ற எழுத்தைச் சரியாக மறைத்தபடி அட்டை.

"ஒரு சாட்சிக் கையெழுத்து போதும்க்கா. இன்னிக்குத்தான் கடைசி, அஞ்சு மணிக்குள்ள."

"தெரிஞ்சவங்க எல்லாரும் கல்லறைல இருக்காங்க. அங்க மட்டும் முகவரி பக்காவா இருக்கு. போய் வாங்கிட்டு வரவா?"

4

முடிவு ஒன்று: அட்டை விலகிய இன்னொரு படத்தோடு போட்டோக்காரர் ஓடி வருகிறார். (சினிமா.)

முடிவு இரண்டு: கார்வின் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்துகி— (அவனுக்கும் குடும்பம் இருக்கிறது.)

முடிவு மூன்று: சாட்சிக் கையெழுத்தை நானே போடுகிறேன். பேனாவை எடுத்தும்விட்டேன்.

"நீ என் வீட்டைப் பார்த்திருக்கியா?" என்றாள்.

"கதைல எழுதியிருக்கேன்."

"சமைச்சவனே ருசின்னு சொன்னா எவன்டா நம்புவான்? அந்தக் கதையைப் படிச்சவங்க யாராவது இருந்தா கூப்பிடு."

மணி நாலு ஐம்பது. படிவம் இதோ இருக்கிறது.

சாட்சி: ......................

அங்கே ஒரு சமையலறை இருந்தது உங்களுக்குத் தெரியும். வாருங்கள். காரை மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள்.