ஏழு நாள் என்று எழுதியவள்

கேபிள் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. செம்புக் கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையை உருவி, நூற்று முப்பத்தைந்து டிகிரி ஓவனில் ஏழு நாள் தொங்கவிடுவாள். பிறகு வளைத்துப் பார்ப்பாள். வளைந்தால் பாஸ். வெடித்தால் மொத்தச் சரக்கும் குப்பைக்கு.

அக்கா புருஷன் எலக்ட்ரீஷியன். "நீ பாஸ் போட்ட வயர்னா கண்ணை மூடிக்கிட்டு இழுப்பேன்" என்பார். ஒரு தையல் கூடம் முழுக்க அதைத்தான் இழுத்தார். பத்தே மாதத்தில், கொதிக்கும் தகரக் கூரையை ஒட்டி வயர் தீப்பிடித்தது. ஆறு பெண்கள் செத்துப்போனார்கள். வேலையில் கோளாறு என்று மாமாவை உள்ளே தள்ளினார்கள்.

"அவரு ஒரு ஸ்க்ரூவைக்கூட அரைகுறையா முடுக்க மாட்டாருடி" என்று அக்கா அழுதாள்.

அக்கா வீட்டில் மிச்சமிருந்த வயர்ச் சுருளின் சரக்கு எண்ணைப் பார்த்ததுமே தங்கைக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அந்தச் சரக்கை மூன்றாம் நாளே ஓவனிலிருந்து எடுத்திருந்தாள். லாரி வாசலில் நிற்கிறது என்று மேனேஜர் குதித்தார். "எப்பவும் பாஸாகுறதுதானே, ஏழுன்னு எழுதும்மா." எழுதிவிட்டாள்.

இப்போது மிச்சத்தை ஓவனில் வைத்தாள். ஐந்தாம் நாள் காலையில் உறை கறுத்திருந்தது. தொட்டு வளைத்தாள். அப்பளமாக நொறுங்கியது. துண்டுகளை அள்ளிக்கொண்டு மேனேஜரிடம் போனாள்.

"கையெழுத்து உன்னுதும்மா, என்னுது இல்ல. யோசிச்சுக்கோ" என்றார் மேனேஜர்.

"யோசிச்சாச்சு சார்."

நொறுங்கிய துண்டுகளோடு நேரே விசாரணை அதிகாரியிடம் போனாள். அவள் மேலும் மேனேஜர் மேலும் வழக்கு விழுந்தது. வேலை போனது. இருவரும் ஜாமீனில் வந்தார்கள்.

மாமா நாற்பத்தியோராம் நாள் வீடு திரும்பினார். போய் நின்றாள். அக்கா முகம் கொடுக்கவில்லை.

மாமா மட்டும் நிமிர்ந்தார். "இன்னும் நாலு நாள் உனக்குப் பொறுக்கலையா?"

அவர் பிளையரை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு பள்ளிக்கூடத்துலயும் அதே வயரைத்தான் இழுத்திருக்கேன். வா, ஏணியைப் பிடி."

அன்று முழுவதும் அவர் கூரையிலிருந்து வயரை உருவி உருவிக் கீழே போட்டார். அவள் ஏணியை விடவில்லை. அதற்குமேல் அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.