இயக்குநருக்குப் பதிலாக ஒருவர்

ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவின் ஒன்பதாம் ஆண்டு நிறைவு நாளன்று மதியம் இரண்டு மணிக்குத்தான், இயக்குநர் வரமாட்டார் என்பது தெரிந்தது. விசா கைக்கு வரவில்லை. விமானம் அவரை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. விழாச் செயலாளர் போனில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டுத் திரையரங்கின் பின்புறமிருந்த அலுவலக அறை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஹோட்டல் முதலாளி அஞ்சு மணிக்கு வர்றாரு. விருதைக் கையில கொடுத்து போட்டோ பிடிக்கணும்னுதானே மனுஷன் வருஷா வருஷம் ரூம் தர்றாரு? இப்ப யாருக்குக் கொடுப்பாரு, என் தலைக்கா?"

அறையில் கூட இருந்தவள் அவருடைய மனைவியின் தங்கை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர். விழாவுக்கு வரும் பிரெஞ்சுப் படங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை எழுதுவதும், மேடையில் விருந்தாளியின் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பதும் அவள் வேலை. புருஷனை விட்டு வந்த நாளிலிருந்து அக்கா வீட்டு மாடியறையில் இருக்கிறாள். பள்ளிக்கூட வேலைகூட மாமா சொல்லிக் கிடைத்ததுதான். அதை மாமா ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாமலே ஞாபகப்படுத்தத் தெரிந்தவர் அவர்.

"உன் ஆப்பிரிக்கச் சிநேகிதன் ஒருத்தன் கடைசி வரிசையில உட்காருவானே, நெட்டையா, வந்திருக்கானா?"

"அவர் படம் பாக்க வர்றவரு, மாமா. ஹோட்டல் சலவைக்கூடத்துல இஸ்திரி போடுறாரு. இயக்குநரோட நாடுகூடக் கிடையாது."

"யாருக்குத் தெரியப்போகுது? கூப்பிடு. படத்துக்காக விருதை வாங்கிக்கணும்னு சொல்லு, அவ்வளவுதான்."

கடைசி வரிசைக்காரரை அவளுக்கு மூன்று வருடமாகத் தெரியும். வருடத்தில் இந்த ஒரு வாரத்துக்கென்று லீவைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டையோடு வருவார். படம் முடிந்ததும் அவளிடம் வந்து, எந்த வரிக்கு என்ன எழுதினாள் என்று கேட்டுவிட்டு, "டீச்சர், அந்தக் கிழவி திட்டினது அப்படி இல்ல, அதைவிட மோசமா" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரிப்பார். மற்ற நாளெல்லாம் நீராவிக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் நடுவே தன் பாஷை பேச ஆளில்லாமல் கிடப்பவருக்கு, வாய்விட்டுப் பேச அந்த ஏழு நாள்தான்.

நடைவழியில் பிடித்து அவள் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "நானா? விழாவோட ரசிகன்னு சொல்லுவீங்களா?"

"ஆமா, ரசிகர்னுதான் சொல்லுவாங்க" என்றாள். இது முதல் பொய்.

ஐந்தரை மணிக்கு மாமா மேடையேறி, கண்டம் கடந்து வந்த கலைஞர் என்று முழங்கி, அவரை இயக்குநர் என்றே அறிமுகப்படுத்தினார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அவருக்குத் தெரிந்த தமிழ் சலவைக்கூடத்துத் தமிழ்தான். மேடைத் தமிழ் காதில் ஏறவில்லை.

"என்ன சொல்றாரு?" என்று அவளிடம் குனிந்து கேட்டார்.

"உங்களுக்கு நன்றி சொல்றாரு."

ஹோட்டல் முதலாளி விருதைக் கொடுத்தார். தன் சலவைக்கூடத்து ஆளை அவர் என்றைக்குப் பார்த்தார், இன்றைக்கு அடையாளம் தெரிய? தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். அதோடு விட்டிருந்தால் போயிருக்கும். மாமாவுக்குக் கைதட்டல் ருசித்துவிட்டது. யாராவது கேள்வி கேட்கலாம் என்று மைக்கை நீட்டினார்.

ஒரு பெண்மணி எழுந்தாள். "கடைசிக் காட்சியில அம்மா செத்துப் போறப்ப மகனை ஏன் ஊருக்கு வர விடல?"

மொழிபெயர்க்க நின்றவள் அந்தக் கேள்வியை அவருக்குப் பிரெஞ்சில் மாற்றிப் போட்டாள்: "மகன் வராத அந்தக் காட்சி உங்களை என்ன பண்ணுச்சு?"

அவர் மைக்கை வாங்கிக்கொண்டார். போன வருடம் தன் அம்மா போய்விட்டதாகவும், பாஸ்போர்ட் மேனேஜரின் அலமாரியில் பூட்டியிருந்ததாகவும், அன்றைக்கு நானூறு தலையணை உறைக்கு இஸ்திரி போட்டதாகவும் சொன்னார். அம்மா இறந்ததை மட்டும் அவள் தமிழாக்கி, அலமாரியையும் உறைகளையும் விழுங்கிவிட்டாள். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பத்திரிகைக்காரர் ஒருவர் கையிலிருந்த போனை உயர்த்திக்கொண்டு எழுந்தார். "சார், இயக்குநர் போட்டோ இதோ இருக்கு. தலையெல்லாம் நரைச்ச, குள்ளமான மனுஷன். இவர் யாரு?"

அரங்கம் கசமுசவென்றது. ஹோட்டல் முதலாளி மாமாவைப் பார்த்தார். மாமாவின் முகம் வெளுத்து, மறுநொடியே கறுத்துச் சிவந்தது. மைக்கைப் பிடுங்கினார்.

"நாங்க ஏமாந்துட்டோம்! நான்தான் இயக்குநர்னு சொல்லிக்கிட்டு வந்து நிக்கிறான், வந்தவங்களை நம்புறது எங்க குணம். இந்த மாதிரி ஆளுங்களாலதான் அந்தக் கண்டத்துக்கே கெட்ட பேரு!"

காவலாளிகள் இரண்டு பேர் மேடையேறி அவர் கையைப் பிடித்தார்கள். விருதைப் பறித்தபோது சட்டைப் பட்டன் ஒன்று தெறித்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். நீங்கதானே கூப்பிட்டீங்க. நீங்க கூப்பிட்டுத்தான் வந்தேன்னு சொல்லுங்க."

பிரெஞ்சில் சொன்னார். அந்த அரங்கத்தில் அது புரிந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

"என்ன சொல்றான்?" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். அதட்டவில்லை, மிரட்டவில்லை. மாடியறை சாவியைக் கொடுத்த அன்று பார்த்த அதே சாந்தமான பார்வை.

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"மன்னிப்பு கேக்கறாரு" என்றாள்.

கறை போகாத சட்டைக்கும் கருகிய காலருக்கும் தினம் பத்துத் தடவை சொல்லிச் சொல்லி, அவருக்கு நன்றாகத் தெரிந்த தமிழ் வார்த்தை அது. கேட்டதும் காவலாளிகளோடு முண்டுவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இழுக்க வேண்டியிருக்கவில்லை. தானாகவே நடந்து இறங்கினார். யாரோ சீட்டியடித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்ட முன்வரிசைக்காரி, "என்னமா நடிச்சான் பாரு" என்றாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவள் ஹோட்டலின் பின்வாசல் வழியாகச் சலவைக்கூடத்துக்குப் போனாள். உள்ளே நீராவி மண்டிக் கிடந்தது. சூப்பர்வைசரம்மா மூட்டை கட்டிக்கொண்டே, "அவனா? பேப்பர்ல போட்டோ வந்ததும் முதலாளி வேலையை விட்டுத் தூக்கிட்டாரு. ராத்திரி விமானத்துல ஏத்தி அனுப்புறாங்க. அதோ, சாமான் எடுத்துக்கிட்டிருக்கான்" என்றாள்.

அலமாரி முன்னால் அவர் ஒரு பையில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். மடிப்பு ஒவ்வொன்றும் கத்தி முனைபோல் இருந்தது. அவள் அருகே போய், பாதி இரவு உட்கார்ந்து சேர்த்துவைத்த பிரெஞ்சு வாக்கியங்களைத் தொடங்கினாள்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எனக்கு அந்த பாஷை தெரியாது, மேடம்" என்றார், தன் சலவைக்கூடத்துத் தமிழில், கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி. ஈரத் துணி தூக்கிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வழி விடுங்க. வேலை நடக்குற இடம்."

அவள் வழிவிட்டாள்.

வீட்டில் அக்கா காபியோடு காத்திருந்தாள். "உன்னாலதான்டி மாமா மானம் தப்பிச்சுது. வாய் ஓயாம சொல்லிக்கிட்டிருக்காரு" என்று அவள் கன்னத்தைத் தொட்டாள். கூடத்தில் மாமா அடுத்த ஆண்டு பத்தாவது விழாவின் குழுவுக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

"துணைச் செயலாளர்னு உன் பேரைப் போட்டுடட்டுமா?"

"போடுங்க மாமா" என்றாள் அவள்.