கை எட்டும் இடம்

அவள் இடுப்பு இருக்கையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியதை நான் பார்த்தேன். தலைக்கு மேலே இருந்த நெம்புகோலைத் தொட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல மறுபடி அமர்ந்து, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

"எட்டுதா?" என்று கேட்டேன்.

"எட்டுது மேடம். நல்லாவே எட்டுது."

அந்த இரண்டாவது வாக்கியம் தேவையில்லாதது. உண்மை சொல்பவர்கள் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நாங்கள் இருந்தது விமானத்தில் அல்ல, அதன் மர மாதிரியில். மூக்குப் பகுதியை மட்டும் ஒட்டுப்பலகையில் அச்சு அசலாகச் செய்து கொட்டகையின் மூலையில் வைத்திருக்கிறோம். கூடு என்று அதற்குப் பெயர். நிஜ விமானம் பக்கத்துக் கொட்டகையில் முதல் பறப்புக்காகக் காத்து நிற்கிறது. உடலுக்கு மேலாக இறக்கை, இறக்கையின் இரு பக்கமும் விசிறியைச் சுழற்றும் டர்போப்ராப் இன்ஜின்கள், மடங்காத சக்கரங்கள், மாட்டையே நடத்தி ஏற்றலாம் போன்ற பின்கதவு. நோயாளியோ உரமூட்டையோ தபால் பையோ, எதை ஏற்றினாலும் முனகாமல் குட்டையான மண் ஓடுபாதையில் இறங்கி ஏற வேண்டும். பட்டறையில் எல்லோருக்கும் அது கழுதைதான். வாங்க வந்த ஒருவர் உள்ளே கம்பளம் விரித்துத் தருவீர்களா என்று கேட்டபோது, "கழுதைக்கு எதுக்கு சார் கற்பூர வாசனை?" என்று சொல்லி அவரையே சிரிக்க வைத்தவர் என் கணவர். அதை முதலில் பறக்க வைக்க இருந்தவர். அதன் விமானியறையை வரைவது என் வேலை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பிடியை எங்கே வைப்பது என்பதை வரைபடப் பலகையில் முடிவு செய்ய மாட்டோம். விமானியைக் கூட்டில் உட்கார வைத்து, கண்ணை மூடச் சொல்லி, கையை நீட்டச் சொல்வோம். கை தானாகப் போய் நிற்கும் இடத்தில் நான் சாக்பீஸால் குறியிடுவேன். தச்சர் அங்கே பிடியைப் பொருத்துவார். ஆபத்தில் தேடுவதற்கு நேரம் இருக்காது. கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்ஜின்கள் இறக்கையில் இருப்பதால் அவற்றை ஆளும் நெம்புகோல்களைக் கூரையிலேயே வைத்தோம். கம்பி ஓடும் தூரம் குறையும், எடையும் குறையும். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார். நான் குறியிட்டேன். "சரியா பாத்து வையிம்மா, அப்புறம் மாத்தணும்னா பெரியவர் என்னைத்தான் திட்டுவாரு" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அவருக்குப் பட்டறையில் கொக்கு என்று பெயர். அவ்வளவு நீளம், அந்தக் கையும் காலும். குட்டையானவர்களுக்கான அளவுப் பட்டியல் என் மேசையில்தான் இருந்தது. அதை யாரும் தேடவில்லை. ஓட்டப் போவது அவர், உட்கார்ந்து பார்ப்பது அவர், குறியிடுவது நான். வீட்டுக்குள்ளேயே அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருந்தது அந்த அறை.

அவர் உயிர் விமானத்தில் போகவில்லை. கேட்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை என்று சொன்னதும் அவர்கள் முகத்தில் சின்ன ஏமாற்றம் ஒன்று வந்து போகும். ஒரு காலை, குளியலறைக் கண்ணாடி முன்னால் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான். அந்தக் கண்ணாடி அவர் உயரத்துக்கு மாட்டியது. அதில் எனக்கு என் நெற்றி மட்டும்தான் தெரியும். பொட்டு வைக்க எம்பிக்கொண்டு நிற்பேன். அவர் இருந்தபோது அதற்காகத் தினமும் சண்டை போட்டேன். இப்போது தினமும் எம்புகிறேன், சண்டை போட ஆளில்லை. "ஒரு ஆணியைக் கீழ அடிச்சா என்னடி?" என்று அத்தை கேட்பாள். அவருடைய அம்மா. கேட்டுவிட்டு, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று அவளே போய்விடுவாள்.

அவருக்குப் பதிலாக வந்தவள்தான் இந்தப் பெண். கெட்டிக்காரி, சின்ன உருவம். வந்த அன்றே குருவி என்று பெயர் விழுந்துவிட்டது. கொக்கு இருந்த கூட்டில் குருவி என்று யாரோ சொல்லி, நான் இருப்பதைக் கவனித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்கள்.

அன்று மதியம் தச்சரிடம் போனேன். அரத்தால் ஏதோ தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தப் பொண்ணுக்குக் கை எட்டல. கவனிச்சீங்களா?"

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "வந்த மொத நாளே கவனிச்சாச்சும்மா. நான் மட்டுமில்ல, எல்லாரும்தான்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"யாரு சொல்றது? நீ தினம் சாயங்காலம் கூட்டுக்குள்ள போயி ஒக்காந்துட்டு வர்ற. மேல இருக்கிறதைத் தொட்டுப் பாத்துட்டு வர்ற. நாங்க விளக்கைக்கூட அணைக்காம காத்துக்கிட்டு நிக்கிறோம். இதுல போயி, அதைக் கழட்டணும்னு எந்த வாயால சொல்றது?"

யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. ஒரு பட்டறை முழுக்க என் துக்கத்துக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றிருக்கிறது. அந்த வழியில் ஒரு பெண் விமானம் ஏறப் போகிறாள்.

ஓடுபாதையை விட்டு எழும் நேரத்தில் ஒரு இன்ஜின் நின்றுபோனால், அதன் விசிறி இதழ்களை உடனே காற்றுக்கு வாகாகத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் நின்றுபோன பக்கம் விமானத்தைப் பிடித்து இழுத்துச் சாய்த்துவிடும். அதைத் திருப்பும் நெம்புகோல் அந்த நேரத்தில் முழு விசைக்காக முன்கோடிக்குத் தள்ளப்பட்டிருக்கும். இருக்கையோடு சேர்த்துக் கட்டும் தோள் பட்டை இறுகியிருக்கும்போது இடுப்பை எழுப்ப முடியாது. இருக்கையை முன்னால் தள்ளலாமே என்றால், கட்டுப்பாட்டுத் தண்டு வயிற்றில் இடிக்கும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். மனப்பாடமான ஒன்றைத்தான் இத்தனை நாளும் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

பெரியவரிடம் சொன்னேன். கழுதையைக் கருவிலிருந்து சுமந்தவர் அவர், தலைமை வடிவமைப்பாளர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எட்டுதுன்னு அந்தப் பொண்ணே சொல்லுதும்மா."

"பட்டையைப் பூட்டிட்டுக் கேளுங்க சார்."

"நெம்புகோலை நகர்த்தினா கம்பிப் பாதை மாறும். கூரைச் சட்டத்தை வெட்டணும். முதல் பறப்பு எங்கேயோ தள்ளிப் போயிடும்." பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "வேற ஒரு பையன் இருக்கான். நல்ல நெட்டை. அவனை வரச் சொல்லலாம். எதையும் கழட்ட வேண்டாம். உனக்கும்..." என்று நிறுத்தினார்.

எனக்கும். அந்தச் சொல் ஒரு நாற்காலி போல என் முன்னால் கிடந்தது, உட்கார்ந்துவிடலாம். நெட்டையான யாரோ ஒருவன் வருவான். என் கணவரின் கை இருந்த இடம் அப்படியே இருக்கும். இது போல எத்தனை விமானம் செய்தாலும் எல்லாவற்றிலும், நான் பார்த்தே இராத தீவுகளிலும் மலைகளிலும், யாரோ ஒருவர் கண்ணை மூடிக் கையை உயர்த்தும்போது அவர் கை தொட்ட இடத்தைத் தொடுவார். சாயங்காலம் கூட்டில் உட்கார்ந்து நான் நினைத்துக்கொண்டதெல்லாம் இதுதான். ஒரு மனிதர் போன பிறகு அவருக்கு இத்தனை கைகள் முளைக்கும் என்று.

"தீவுலயும் மலையிலயும் இதை ஓட்டப் போறவங்க எல்லாரும் அவர் உசரமா இருப்பாங்களா சார்?" என்றேன்.

மறுநாள் எல்லோரும் கூட்டைச் சுற்றி நின்றார்கள். குருவி உள்ளே ஏறினாள். நானே அவள் தோள் பட்டையை இழுத்துப் பூட்டினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"மேடம், வேணாம்," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"கண்ணை மூடு. தரையை விட்டு எழும்பிட்டே. இடது இன்ஜின் போச்சு."

அவள் கை விருட்டென்று மேலே போனது. நெம்புகோலை எட்டாமல் காற்றைப் பிடித்தது. மறுபடி பிடித்தது. விரல்கள் விரிந்து, எதையோ தேடி, எதுவும் கிடைக்காமல் அங்கேயே நின்றன. விடியும் முன் படுக்கையின் மறுபக்கத்தில் என் கை போய் நிற்கும் இடம் எனக்கு நினைவு வந்தது. பெரியவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார்.

அவள் இறங்கியதும் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் நின்றாள். கண் சிவந்திருந்தது.

"எத்தனையோ இடத்துல குள்ளம்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. இங்கயும் அனுப்பிடுவாங்கன்னுதான் எம்பி எம்பிப் பழகினேன். அதோட... சார் வச்சது. அதை நீங்க தொடறதை ஒருநாள் பாத்துட்டேன். எனக்காக மாத்துங்கன்னு கேக்க மனசு வரல மேடம்."

"செத்திருப்பியேடி," என்றேன். எப்போது அவளை 'டி' போட்டுப் பேச ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

"ஆமா," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா மரியாதையா செத்திருப்பேன்."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது.

பறப்பைத் தள்ளிவைக்கப் பெரியவர் சம்மதித்துவிட்டார். அன்று வீட்டில் அத்தையிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "சின்னப் பிள்ளையிலேயே அலமாரி உச்சியில எதை ஒளிச்சு வச்சாலும் எடுத்துடுவான்," என்றாள். "அவனுக்கு எட்டினது ஊருக்கே எட்டும்னு நெனப்பு." பிறகு, "அந்தப் பொண்ணுக்கு அம்மா அப்பா இருக்காங்களா?" என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்றேன். "அப்ப சரி. கழட்டிடு," என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நெம்புகோல் பெட்டியைத் தச்சர் காலையில் கழற்றினார். திருகாணிகள் முரண்டு பிடித்தன. ஒவ்வொன்றையும் கீழே போடாமல் என் உள்ளங்கையில் வைத்தார். என் கணவரின் விரல் பட்டுப் பட்டுப் பிடியின் கறுப்புச் சாயம் ஒரு பக்கமாகத் தேய்ந்து, மரம் வெளுத்துத் தெரிந்தது.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியாம்மா?"

"இங்கயே எங்கயாவது வைங்கண்ணே." என்றேன்.

பெட்டி இருந்த இடத்தில் கூரையில் துளைகள் மட்டும் மிஞ்சின. கொட்டகையின் உயரமான சன்னல் வழியே வந்த வெயில் அந்தத் துளைகளில் இறங்கி, காலியான இருக்கையில் பொட்டுப் பொட்டாகக் கிடந்தது. குருவி ஏறி அதன் மேல் உட்கார்ந்தாள். பட்டையைத் தானே இறுக்கிப் பூட்டிக்கொண்டாள்.

"மூடவா மேடம்?"

"மூடு."

நான் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டேன். அவள் கை மெதுவாக மேலே எழுந்தது. வெயில் பொட்டுகள் அவள் முழங்கையில் ஏறி, மணிக்கட்டில் ஏறி, புறங்கையில் ஒரு கணம் தங்கின. பிறகு கை அவற்றை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்கி, கொஞ்சம் பின்னால் வந்து, தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு இடத்தில் நின்றது.

"இங்க," என்றாள், கண்ணைத் திறக்காமலே.