சர்வர் படுத்தால் எழுப்புவது யார்

அப்ளிகேஷனை ஓட்ட இடம் கொடுத்திருந்த ஹோஸ்டிங் கம்பெனி கடையைக் கட்டப் போகிறதாம். மாதக் கடைசிக்குள் உங்கள் அப்ளிகேஷனை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல். அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். மாற்றுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. எங்கே மாற்றுவது என்பதுதான் சிக்கல். அந்தச் சிக்கலின் காரணத்தை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அக்கா என்றுதான் அவளைச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவன் ஒரே ஒரு தம்பிதான் என்றாலும், அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு ஊரிலுள்ள சலவைக்கடைக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவள் அக்காவாகிவிட்டாள். கொடுத்த துணி வெளுத்தாயிற்றா, தேய்த்தாயிற்றா என்று வாடிக்கையாளர்கள் போனிலேயே பார்த்துக்கொள்ள ஒரு ஜாவா அப்ளிகேஷன். அதை அக்காவும் தம்பியும் சேர்ந்து எழுதினார்கள். வீட்டு முன்னறையில் ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. ஒருத்தர் உட்கார்ந்து எழுத, இன்னொருத்தர் பின்னால் நின்று நொட்டை சொல்வார். கொஞ்ச நேரத்தில் இடம் மாறும். அவ்வளவு சண்டை போட்டு, அவ்வளவு சிரித்தது அதற்கப்புறம் இல்லவே இல்லை.

அந்த நாற்காலி மாற்றத்தில்தான் தப்பும் புகுந்தது. டேட்டாபேஸுக்கு இணைப்பைத் திறக்கும் பகுதியை அவள் எழுதினாள். மூடுவதைத் தம்பி எழுதிவிடுவான் என்று எழுந்துவிட்டாள். உட்கார்ந்த தம்பியோ, அக்கா மூடியிருப்பாள் என்று மேலே போய்விட்டான். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் வாசல் கதவு விஷயத்திலும் இப்படித்தான். மூடாத இணைப்புகள் சேர்ந்து சேர்ந்து, சில வாரங்களுக்கு ஒருமுறை அப்ளிகேஷன் ஓடும் சர்வர் படுத்துவிடும். இருவர் போனுக்கும் எச்சரிக்கை வரும். யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் திரும்பக் கிளப்பிவிட்டு, மற்றவருக்கு ‘எழுப்பிட்டேன்’ என்று ஒரு வார்த்தை அனுப்ப வேண்டும். அவர்களுக்குள் வைத்துக்கொண்ட வழக்கம் அது.

பிறகு தம்பிக்குப் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனான். போனது தப்பில்லை. அதை அக்காவிடம் சொல்லாமல், அவள் புருஷன் வாயால் தெரிய வைத்தான் பாருங்கள், அதுதான் அவளுக்கு ஆறவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவனும் சளைக்கவில்லை. பேச்சு அன்றைக்கு நின்றது, வருஷங்கள் ஓடிவிட்டன. நல்ல வேளையாக சர்வர் மட்டும் தவறாமல் படுத்துக்கொண்டிருந்தது. குழம்பு கொதிக்கும்போது போன் சிணுங்கும். ‘எழுப்பிட்டேன்.’ சரி, பையன் நன்றாக இருக்கிறான் என்று அவள் அடுப்பைத் தணிப்பாள்.

மூடாமல் விட்ட இடத்தை அவள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்க்க மனம் வரவில்லை.

இப்போது புது இடம் பார்த்ததில் மூன்று தேறின. முதலாவது மலிவு. ஆனால் பத்துக் குடித்தனத்துக்கு ஒரே குளியலறை மாதிரி, எல்லோருடைய அப்ளிகேஷனும் ஒரே சர்வரில் ஓடும். ஒருத்தர் படுத்தால் எல்லோரும் படுக்க வேண்டியதுதான். அதைக் கழித்துக்கட்டினாள். இரண்டாவதில் தனி சர்வர் தருவார்கள், படுத்தால் நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். மூன்றாவதில் அவர்களே கண்கொத்திப் பாம்பாகக் கவனித்து, படுத்த மறுகணமே எழுப்பியும் விடுவார்கள். நமக்கு எச்சரிக்கைகூட வராது.

புருஷனுக்கும் சலவைக்கடைதான். சர்வர் படுக்கிற நாளில் கவுன்ட்டரில் நின்று ஏச்சு வாங்குகிறவர் அவர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மூன்றாவதுதான் என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். நியாயம்தான். அக்காவோ இரண்டாவது கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பொறுமையான மனுஷர். கடைசியில் அவரே, ராத்திரி பகல் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் எங்களிடம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். விற்க வந்தவரே வேண்டாம் என்ற பிறகு அவளுக்குச் சாக்கு தீர்ந்துபோனது.

இன்னொன்றும் இருந்தது. அப்ளிகேஷனின் இணைய முகவரி தம்பி பேரில் பதிவாகியிருந்தது. எந்த இடத்துக்குப் போனாலும் முகவரியை அங்கே திருப்பிவிட அவனால்தான் முடியும். அக்கா ஒருநாள் காலையில் துணிந்து அவன் எண்ணை அழுத்தினாள்.

“சொல்லுக்கா,” என்றான், நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவன்போல.

அவள் மூன்று இடத்தையும் ஒப்பித்தாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கேட்டுவிட்டு, மூன்றாவதையே எடுத்துக்கொள்ளச் சொன்னான். கடைக்காரர்கள் இனிமேலாவது நிம்மதியாக இருக்கட்டுமாம். அக்காவுக்குச் சுருக்கென்றது. எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டான்.

“எடுத்துடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணைத் திருத்தணும்,” என்றாள். “ஒரு இடத்துல இணைப்பை மூடாமலே விட்டிருக்கோம்.”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“இங்க வந்த புதுசுலயே பாத்துட்டேன். ஒரு வரிதானே.”

“அப்புறம் ஏன்டா சேக்கல?”

போனில் அவன் ஊர்த் தெருவில் ஏதோ வண்டி போவது கேட்டது.

“நீ ஏன்க்கா சேக்கல?” என்றான்.

அக்காவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. இத்தனை வருஷமும் அந்த ‘எழுப்பிட்டேன்’ என்ற ஒரு வார்த்தையைத் தான் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள். மூக்கை உறிஞ்சிய சத்தம் அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அவன் அவசரமாக, கவலைப்படாதே, இன்றைக்கே இங்கிருந்தே முகவரியை மாற்றிவிடுகிறேன் என்றான்.

“ஏன், நேர்ல வந்து மாத்தினா மாறாதா?” என்று கேட்டாள் அக்கா.