லெந்து நாட்களில் ஜெமிமா விட்டது

வந்தவர்களையும் அவர்கள் உட்கார்ந்த இடத்தையும் முதலில் எழுதிவிடுகிறேன். சுவரோரம் கை வைத்த நாற்காலியில் ஐயர். எங்கள் லுத்தரன் சபையில் போதகரை அப்படித்தான் அழைப்போம். அவருக்கு வலது பக்கம், சோபாவில், தாராபுரத்திலிருந்து வந்த ஆசீர்வாதமும் அவர் மனைவி கனகமணியும். அவர்கள் மகன் நத்தானியேலுக்குத்தான் என் மகள் ஜெமிமாவைப் பேசி முடித்திருந்தோம். பையனுக்குத் திருப்பூரில் வேலை, அன்று வரவில்லை. எதிரே பாயில் என் மனைவி மரகதமும் ஜெமிமாவும். கதவை ஒட்டிப் போட்ட ஸ்டூலில் பக்கத்து வீட்டு பங்காரம்மா. நாயுடு வீட்டு அம்மா, சபையைச் சேர்ந்தவர் அல்ல, ஆனால் எங்கள் வீட்டில் பாட்டு என்றால் வந்துவிடுவார். நான் மேஜைப் பக்கம்.

1994, பங்குனி வெயில். ஈஸ்டருக்கு முந்தைய தபசு நாட்களை நாங்கள் லெந்து என்போம். அந்த நாட்களில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். அந்த வாரம் எங்கள் வீட்டு முறை. லெந்தில் எங்களுக்குள் கல்யாணமும் இல்லை, நிச்சயமும் இல்லை. ஜனவரியில் பேசி முடித்தும், நிச்சயத்தை அதனால்தான் ஈஸ்டருக்குப் பிறகு என்று தள்ளி வைத்திருந்தோம். சம்பந்தி வீட்டாரையும் கூட்டத்துக்கு அழைத்தால் உறவு நெருங்கும் என்று அழைத்தது நான்.

பாட்டும் வேதவாசிப்பும் முடிந்தன. தபசுக்காக அவரவர் என்னென்ன விட்டிருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. இதை விட்டால்தான் மோட்சம் என்று எங்கள் சபையில் சட்டமெல்லாம் கிடையாது. அவரவர் மனசுப்படி.

"இவரு மூக்குப்பொடிய விட்டிருக்காருங்க," என்றார் கனகமணி. "அன்னைலருந்து ஊட்டுல நிம்மதி போச்சு. விட்டது அவரு, தபசு எனக்கு."

"நீ மீன விட்டியே, அமராவதி மீனெல்லாம் உனக்கு ஸ்தோத்திரம் சொல்லுது," என்றார் ஆசீர்வாதம்.

நான் காப்பியை விட்டிருந்தேன். மரகதம் தலையில் பூ வைப்பதை விட்டிருந்தாள். பங்காரம்மாவுக்குக் காப்பிதான் தாங்கவில்லை. "நாங்க பொரட்டாசிக்குக் கறிய உடறோமுங்க. காப்பிய உடச் சொன்னா நான் சாமியவே மாத்திப்போடுவேன்."

சிரிப்பு அடங்கியதும் நான்தான் சொன்னேன், பெருமை தாங்காமல்.

"எங்க ஜெமிமா விட்டதைக் கேளுங்க. பொய்யை விட்டிருக்குது. மில் ஆபீஸ்ல டைப்பிஸ்ட்டுங்களே, போன வாரம் லேட்டாப் போனதுக்கு 'பஸ் கிடைக்கல'ன்னு எழுதாம 'தூங்கிட்டேன்'னு எழுதிக் குடுத்திருக்குது."

ஐயர் தலையை ஆட்டி ரசித்தார். கனகமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"அப்படியா சங்கதி! ஏன் அம்மணி, அன்னைக்கு எங்கூட்டுல சாப்பிட்டியே, கொழம்பு எப்படி?"

"உப்பு கொஞ்சம் தூக்கலுங்க, அத்தை."

எல்லோரும் சிரித்தோம். ஆசீர்வாதம் தொடையில் தட்டிச் சிரித்தார். "இருவத்தேழு வருசமா நான் சொல்லப் பயந்தத புள்ள ஒரே வார்த்தைல சொல்லிப்போடுச்சு!"

"இரு, பெரிய கேள்வி இனித்தான்," என்றார் கனகமணி. முன்னால் சாய்ந்து, குழைந்த குரலில், "எங்க நத்தானியேலப் புடிச்சிருக்குதா கண்ணு?"

வெட்கப்பட்டுத் தலை குனிவாள் என்று நாங்கள் எல்லோரும் சிரித்த முகமாகக் காத்திருந்தோம். தலை குனியத்தான் செய்தாள். பிறகு நிமிர்ந்து கனகமணியைப் பார்த்தாள்.

"இல்லீங்க அத்தை. பிடிக்கலைங்க."

காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று மரகதத்தின் முகத்தைப் பார்த்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கனகமணியின் சிரிப்பு இறங்க மறந்து உதட்டிலேயே நின்றது.

"விளையாடாதே கண்ணு," என்றேன்.

"விளையாடலீங்கப்பா."

"எம்பையங்கிட்ட என்ன கொறையக் கண்டே?" கனகமணியின் குரல் உடைந்திருந்தது.

"குறை ஒண்ணுமில்லீங்க அத்தை. நல்லவருங்க. எனக்குப் பிடிக்கலை, அவ்வளவுதானுங்க."

நான் மேஜையை விட்டு எழுந்தேன். "ஜனவரியில நானே கேட்டேனே! சரிங்கப்பான்னு சொன்னியே!"

"அப்ப லெந்து ஆரம்பிக்கலீங்கப்பா."

பங்காரம்மா சிரிக்கத் தொடங்கி, பாதியில் பயந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஆசீர்வாதம் எழுந்தார். "சம்பந்தி" என்று தொடங்கியவர் அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டார். "தேவவரம், கூப்பிட்டு வெச்சுக் கேவலப்படுத்திப்போட்டீங்க."

மரகதம் செய்திருந்த கிச்சடியை யாரும் தொடவில்லை. அவர்கள் தாராபுரம் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். ஐயர் கடைசியாகச் செருப்பை மாட்டும்போது என் தோளைத் தொட்டார்.

"பொய் சொல்லாதேன்னு வாராவாரம் நாந்தான் பிரசங்கம் பண்றேன். யாராவது இப்படிச் செஞ்சுபோடுவாங்கன்னு நெனைக்கலீங்க."

மறுநாள் காலை கடிதத் தாளை எடுத்து உட்கார்ந்தேன். வலது மூலையில் ஊர், தேதி, இடது பக்கம் 'கர்த்தருக்குள் பிரியமான' என்ற விளிப்பு, பிறகு ஒரு விரற்கடை இடம் விட்டு விஷயம். பள்ளியில் வாத்தியார் போட்டுக் கொடுத்த முறை, இதுவரை மாற்றியதில்லை. விஷயத்தைத்தான் எழுத வரவில்லை.

"காய்ச்சல்ல ஒளறிப்போட்டான்னு எழுதுங்க," என்றாள் மரகதம். இரவெல்லாம் அழுது முகம் வீங்கியிருந்தது. "மத்ததை நேர்ல பேசிக்கலாம்."

அப்படியே எழுதினேன். 'அன்று பெண்ணுக்கு உடல்நலம் சரியில்லாத காரணத்தால்' என்று தொடங்கி, நல்ல கடிதமாகவே வந்தது. மரகதத்துக்குப் படித்துக் காட்டினேன். மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜெமிமா பின்னலைப் பாதியில் பிடித்தபடி வந்து நின்றாள்.

"அத்தை கேட்டா காய்ச்சல் இல்லைன்னுதான் நான் சொல்லணுங்கப்பா."

"ஈஸ்டர் வரைக்கும் அவங்க கண்ணுல படாம இரு," என்றாள் மரகதம்.

அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "சரி கண்ணு, ஈஸ்டர் முடிஞ்சு கேட்டா?"

ஜெமிமா பின்னலை முடித்து ரப்பர் பேண்டைப் போட்டாள்.

"ஈஸ்டர் ஆச்சுன்னா நீங்க காப்பி குடிப்பீங்க. அம்மா பூ வைப்பாங்க. நான் சரின்னு சொல்லிருவேனுங்கப்பா. நீங்க ரெண்டு பேரும் இப்படி அழுதா சொல்லாம இருக்க முடியாது எனக்கு." பிறகு, மெதுவாக, "அதான் இப்பவே சொல்லிப்போட்டேன்."

முந்தின நாள் கூட்டத்தில் விழுந்த அடி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மரகதத்தின் முகம் தெளிந்தது. அவள் கணக்கு எனக்கும் புரிந்தது. ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். இந்தக் கடிதம் போகும், அவர்கள் கோபம் ஆறும், ஈஸ்டர் வரும். சபையில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசிப்பார்கள். பீடத்தின் முன்னால் ஐயர் 'சம்மதமா?' என்று கேட்பார். என் மகள் 'சம்மதம்' என்பாள். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, அது பொய் என்று தெரிந்தே, கேட்டுக்கொண்டிருப்பேன்.

தாளைக் கிழித்தேன்.

"ஊரே சிரிக்குமுங்க!" என்றாள் மரகதம்.

"சிரிக்கட்டும்."

"தாராபுரத்துல இனி யாரு பொண்ணு கேட்டு வருவாங்க?"

இன்னொரு தாளில் ஊர், தேதி, விளிப்பு எல்லாம் போட்டு எழுதினேன்:

'அன்று ஜெமிமா பூரண சுகத்தோடுதான் இருந்தாள். அவள் சொன்னது அவள் மனசில் இருந்ததுதான். தங்களை எங்கள் வீட்டில் வைத்து அவமானப்படுத்தும்படி ஆனதற்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன், அவளுக்காக அல்ல. தம்பி நத்தானியேலுக்கு அவரை விரும்புகிற பெண் அமைய ஜெபிக்கிறோம். ஒரே ஒரு வேண்டுகோள்: ஈஸ்டருக்குப் பிறகு ஜெமிமாவை மறுபடி கேட்க வேண்டாம். நானும் கேட்கப்போவதில்லை.'

ஜெமிமா மில் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள். மரகதம் சமையலறையில் பாத்திரங்களை வேண்டுமென்றே சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள். கடிதத்தை மடித்து உறையில் போட்டு மூடி, முகவரி எழுதி, தபால்தலையை ஒட்டினேன். பசை காயும் வரை உட்கார்ந்திருந்தால் நானே மனம் மாறிவிடுவேன் என்று பட்டது. உறை ஈரமாக இருக்கும்போதே எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்து, தபால் பெட்டிக்குள் போட்டேன்.