மேலிருந்து வராத நெருப்பு

தவச்செல்வன் ஆட்டோவை விட்டு இறங்கினான். வதனா வேலிப் படலைக்கு வெளியே வந்து நின்றாள். தம்பியை உள்ளே வா என்று சொல்லவில்லை. சொன்னாலும் வரமாட்டான்.

"நாளைக்குக் காலமை தண்ணி வார்ப்பு," என்றாள். "முதல் செம்பு நீதான் ஊத்தோணும்."

"உங்கட மனுசன் வாயைத் திறக்கட்டும். ஊத்துறன்."

"என்ன சொல்லோணும் அவர்?"

"தலவிலவில சொன்னது பிழை எண்டு."

அத்தான் என்ற சொல்லை அவன் விட்டுப் பல வருடம். 'உங்கட மனுசன்' என்பான். தொலைபேசியில் அக்காவுடன் பேசும்போதும் அப்படித்தான்.

மகள் மதுசா பெரியபிள்ளையாகி உள்ளறையில் இருந்தாள். முற்றத்தில் சடங்குப் பந்தல் போட்டாயிற்று. முதல் செம்புத் தண்ணீரைத் தாய்மாமன் வார்க்க வேண்டும். வதனாவுக்கு மூன்று தம்பிமார். இருவர் வன்னியில் கடைசிச் சண்டையில் போனார்கள். எஞ்சியவன் இவன் ஒருவன்.

அது அவளுடைய மச்சாள், புருசனின் சகோதரி பவளத்துக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் காலையிலிருந்து பந்தலுக்குள் ஒவ்வொருவரிடமாய்க் கேட்டுக்கொண்டிருந்தாள். "பொம்பிள பக்கத்துல ஆம்பிள ஆர் வாறது? ஒருத்தரும் இல்லையாமா? ஐயோ பாவம். அப்ப எங்கட பக்கத்துல ஒருத்தரை மாமன் என்டு நிப்பாட்டுவம்."

வதனா கேட்டும் கேளாதவள் போலத் தேங்காய் துருவினாள்.

தலவிலவில் நடந்தது இதுதான். மதுசா கைக்குழந்தையாக இருந்த வருடம். அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு எல்லோரும் போவதுபோல் இவர்களும் தங்கள் ஊரான உடப்பிலிருந்து போனார்கள். வளையல் கடைக்கும் தொதல் இனிப்புக் கடைக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஜெனரேட்டரில் ஓடும் விளையாட்டு மெஷின்கள். சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து வெளியே வந்த தவச்செல்வனுக்கு அந்தக் கொட்டகையில்தான் வேலை கிடைத்திருந்தது. திருவிழாவுக்குத் திருவிழா லொறியில் மெஷினோடு போவான். ஆள் இல்லாத நேரத்தில் விளையாடுவான்.

அக்காவின் கணவன் உமாசுதன் உடப்பில் அந்த மெஷின்களில் இரண்டு பேர் மோதும் சண்டை விளையாட்டுக்குப் பேர்போனவன். சலூன் ஒன்றின் பின்னறையில் நின்ற மெஷினில் பழகிய கை. திரையில் மோதும் ஆட்களில் அவன் எடுப்பது எப்போதும் குண்டன். தவச்செல்வன் எடுப்பது கொண்டைக்காரன். கொண்டைக்காரன் கையிலிருந்து நெருப்பு எறிவான். தரையில் நின்று எறிவான் என்பதுதான் உமாசுதனுக்குத் தெரியும். அன்றைக்குக் கொண்டைக்காரன் மேலே எழும்பி, அந்தரத்தில் நின்று எறிந்தான். ஒன்றன்பின் ஒன்றாகக் குண்டனின் தலையில் விழுந்தது.

சனம் கைதட்டியது. உமாசுதன் திரும்பி மச்சானின் கன்னத்தில் அறைந்தான். "மெஷினுக்குள்ள கள்ளம் வச்சிருக்கிறான். முகாம்ல படிச்ச புத்தி. அகதி நாய்."

தவச்செல்வன் அடுத்த மாதம் வேலைக்கு டோகாவுக்குப் போனான். அக்கா வீட்டுப் படியை அதன்பிறகு மிதிக்கவில்லை.

உமாசுதன் அந்தக் கதையை விடவில்லை. வள்ளம் கரையேறி, போத்தல் திறந்தால் கதையும் திறக்கும். "அண்டைக்கு என்ட குண்டன் மேல எழும்பி அந்தரத்துல ரெண்டு தரம் உருண்டு இடிச்சான். இந்தக் கரையில அப்பிடி உருட்ட வேற ஆள் இல்ல. கையால வெல்ல ஏலாமத்தான் அவன் கள்ளம் போட்டான்." வதனா அதைப் பொரித்த மீனோடு பரிமாறிப் பரிமாறி மனப்பாடம் செய்திருந்தாள்.

இப்போது உமாசுதன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படலைக்கு வந்தான்.

"என்ன, டோகாக்காரர் வெளியில நிக்கிறார்?"

"கதைக்க வரேல்ல," என்றான் தவச்செல்வன். "காட்ட வந்தனான்."

பையைத் திறந்தான். கறுப்பு விளையாட்டுப் பெட்டி ஒன்று. கையில் பிடித்து ஆட இரண்டு கொன்றோலர். பொலித்தீன் பிரிக்காத ஒரு டிஸ்க். அட்டையில் கொண்டைக்காரன் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

"பழைய கடை மெஷின் விளையாட்டெல்லாம் சேர்த்து ஒரே டிஸ்க்கில விட்டிருக்கிறாங்கள். அண்டைக்கு நாங்கள் விளையாடினதும் இருக்கு. செய்த கொம்பனியே போட்டது. ஆரும் உள்ளுக்குக் கை வைக்கேலாது. சீல் உடைக்கேல்ல, பாருங்கோ. மேலயிருந்து நெருப்பு வந்தால், நீங்கள் இவ்வளவு சனத்துக்கு முன்னால பிழை எண்டு சொல்லோணும்."

"வராட்டி?"

"நான் கள்ளன்."

"போடு," என்றான் உமாசுதன்.

வீட்டுக்குள் தவச்செல்வன் போகமாட்டான். ஆகவே தொலைக்காட்சியைத் தூக்கிவந்து பந்தலில் மேசைமேல் வைத்தார்கள். சமையலுக்கு வந்த ஆட்கள் பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்துப் போட்டார்கள். வதனா அடுப்பை விட்டுவிட்டு வந்து பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி தோற்றால் நாளைக்கு மாமன் இல்லை. வென்றால் புருசன் சபையில் தலைகுனிய வேண்டும். அவன் குனிவானா என்பது வேறு கதை.

படம் வந்தது. நடுவில் சதுரமாக, இரண்டு பக்கமும் பூவேலை வரைந்த பலகைகளோடு.

"காசு குடுத்து வாங்கின டீவி," என்றான் உமாசுதன். "பாதியை மறைச்சு வச்சிருக்கிறான் உன்ட கொம்பனிக்காரன்."

"பழைய மெஷின்ர படம் அவ்வளவுதான். இழுத்து விடலாம்."

இழுத்து விட்டான். ஆட்கள் எல்லோரும் பக்கவாட்டில் பெருத்துப் போனார்கள்.

"இப்ப எல்லாரும் குண்டன்," என்றது ஒரு குரல். பந்தல் சிரித்தது. தவச்செல்வன் திரும்பச் சதுரமாக்கினான்.

கடை மெஷினில் தடியைப் பிடித்துச் சாய்ப்பார்கள். இதில் எல்லாம் பெருவிரல் வேலை. தவச்செல்வனின் இடதுகை பழைய நினைப்பில் இல்லாத தடியைத் தேடியது. குண்டன் வந்து மோதினான். தவச்செல்வன் தடுப்புப் பட்டனை அழுத்தினான். தடுக்குமுன் அடி விழுந்தது.

"பிந்துது," என்றான்.

"ஆர், நீயா?"

"ரீவி. படத்தை அழகாக்கிப்போட்டுத்தான் காட்டுது. அதுதான் பிந்துது." எழுந்துபோய் அமைப்பில் ஒன்றை மாற்றினான். படத்தின் மினுக்கம் குறைந்தது. அடுத்த அடி பட்டனை அழுத்திய கையோடு விழுந்தது. உமாசுதனுக்கும் அது நல்லதாய்த்தான் போயிற்று. அவனுடைய விரல்கள் சூடேறின.

உள்ளறையிலிருந்து மதுசாவின் குரல் வந்தது. "அம்மா, ஆர் வெல்லுறது?"

"வாயை மூடிக்கொண்டு இரு."

தவச்செல்வன் கொண்டைக்காரனை எழுப்பினான். அந்தரத்தில் விரலைச் சுற்றி அழுத்தினான். கொண்டைக்காரன் வெறுங்கையோடு இறங்கினான். குண்டன் இடித்துத் தள்ளினான். மறுபடி எழுப்பினான். மறுபடி வெறுங்கை. தரையில் நிற்கும்போது நெருப்பு ஒழுங்காக வந்தது. மேலே போனால் இல்லை.

"எங்க மச்சான் நெருப்பு? தீப்பெட்டி தரட்டா?"

தவச்செல்வன் விளையாட்டை நிறுத்தி டிஸ்க்கின் முகப்புக்குப் போனான். ஒரே விளையாட்டின் வெவ்வேறு வருடத்துப் பதிப்புகள் அங்கே இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்தான். பயிற்சிக்கென்று ஒரு களம் இருந்தது. அதில் எதிராளி அடிக்காமல் சும்மா நிற்பான். அங்கேயும் எழும்பினான், சுற்றினான், அழுத்தினான். கழுத்தில் வியர்வை ஓடியது. ஒரு பதிப்பிலும் நெருப்பு மேலிருந்து வரவில்லை.

திருவிழாக்களில் பழகிய கை அது. டோகா அறையில் படுத்துக்கிடந்தும் இடதுகையால் மெத்தையில் போட்டுப் பார்த்த வித்தை. அவன் கொன்றோலரை மடியில் வைத்தான்.

உமாசுதன் எழுந்து பந்தலைப் பார்த்துக் கையை விரித்தான். "கேட்டியளா? செய்த கொம்பனி போட்டதுல இல்ல. அப்ப அண்டைக்கு ஆர் போட்டது? மெஷினோட படுத்து எழும்பினவன் ஆர்?"

"நான் அப்பவே சொன்னேன்," என்றாள் பவளம். "கள்ளக் கையால பிள்ளைக்குத் தண்ணி ஊத்தவா?"

தவச்செல்வன் வயரைக் கழற்றக் குனிந்தான்.

"விடு அதை," என்றாள் வதனா.

உமாசுதன் கதையை ஆரம்பித்திருந்தான். வெற்றியோடு சொல்வதால் இன்றைக்கு அது இன்னும் நீண்டது. "கள்ளம் போட்டும் என்னை லேசுல விழுத்த ஏலாமப் போச்சு. என்ட குண்டன் மேல எழும்பி அந்தரத்துல ரெண்டு தரம்..."

"அதைப் போடுங்கோ," என்றாள் வதனா.

"எதை?"

"அந்த உருளலை. இவ்வளவு காலமும் காதால கேட்டனான். கண்ணால பாக்கவேணும்."

"உனக்கென்னடி விளங்கும் இதுல?"

"விளங்காட்டி என்ன? இவ்வளவு சனம் இருக்கு. காட்டுங்கோ. தம்பி, உன்ர ஆளைச் சும்மா நிப்பாட்டு."

சமையல்காரர்களில் ஒருவன், "ஓமண்ணே, போடுங்க," என்றான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். உமாசுதன் உட்கார்ந்தான்.

தரையில் குண்டன் நன்றாகவே உருண்டான். மேலே எழும்பியவுடன் உருளாமல் பொத்தென்று விழுந்தான். உமாசுதன் மறுபடி எழுப்பினான். மறுபடி விழுந்தான். கொன்றோலரை மாற்றிப் பிடித்தான். சாரத்தில் கையைத் துடைத்தான்.

"டீவி பிந்துது," என்றான்.

ஒருவர் மட்டும் சிரித்தார். பிறகு எல்லோரும்.

"அம்மா," என்றாள் உள்ளேயிருந்து மதுசா, "அப்பா உருண்டுட்டாரா?"

"இல்ல. விழுந்துட்டார்."

உமாசுதன் கொன்றோலரை மேசையில் எறிந்தான். அவன் கை ஓங்கியது. இவ்வளவு பேருக்கு நடுவில் அதை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தது.

வதனா பந்தற்காலை விட்டு முன்னால் வந்தாள். "அந்தக் கொட்டகையில நிண்டதுதான் கள்ளக் கொப்பி. ஆரோ மாத்திச் செய்து வித்திருக்கிறான். அது எல்லாருக்கும் அள்ளிக் குடுத்தது. அவனுக்கு நெருப்பு. உங்களுக்கு உருளல். உங்களுக்கு வந்தது கெட்டித்தனம், அவனுக்கு வந்தது கள்ளமோ?"



உமாசுதன் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "சரி. மெஷின் கொப்பி. அவன் வைக்கல்ல. போதுமா?"

"மற்றச் சொல்லு?" என்றான் தவச்செல்வன்.

"எந்தச் சொல்லு?"

"உங்களுக்குத் தெரியும்."

உமாசுதனுக்குத் தெரிந்தது. அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. தோற்றவன் கையில் கடைசியாய்க் கிடைத்த கல்லைப் பார்க்கும் சிரிப்பு. "அது பொய் இல்லையே. முகாம்லதானே இருந்தாய்?"

 அடுப்பில் பருப்பு அடிப்பிடிக்கும் மணம் வந்தது. ஒருவரும் எழும்பவில்லை.

"நானும் இருந்தனான்," என்றாள் வதனா. "தெரிஞ்சுதானே கட்டினீங்கள். உள்ளுக்கு இருக்கிறது அகதி பெத்த பிள்ளை. நாளைக்கு அறுகம்புல் வைக்க அந்தத் தலை வேணுமோ வேண்டாமோ? இப்பவே சொல்லிப்போடுங்கோ. பந்தலைப் பிரிப்பம்."

உமாசுதன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனான்.

தவச்செல்வன் வயர்களைச் சுற்றிப் பையில் போட்டான். டிஸ்க்கை எடுத்து அட்டைக்குள் வைத்தான். வதனா பக்கத்தில் நின்றாள்.

"இந்தாளிட்ட இதுக்கு மேல வராது," என்றாள். "தோண்டித் தோண்டிப் பாத்தாச்சு. நீ வா. இவருக்காக இல்ல."

"பாப்பம்."

"பாக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. வாறியோ இல்லையோ?"

அவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். 

அன்றிரவு பவளம் தன் சித்தப்பா மகனுக்கு, மாமனாய் நிற்க, புது வேட்டி எடுத்து வைத்தாள். வதனா அதைப் பார்த்தாள். திருப்பி எடுத்து வை என்று சொல்ல அவளிடம் காரணம் ஒன்றும் இருக்கவில்லை.

காலையில் மேளம் வருமுன் தவச்செல்வன் வந்தான். வெள்ளை வேட்டி, சால்வை, சேலைத் தட்டம். படலையைத் தாண்டினான். எதிரே நின்ற உமாசுதனைத் தூணைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிப் போனான். உமாசுதனும் தூணைப் போலவே நின்றான்.

மதுசாவைப் பலகையில் உட்காரவைத்தார்கள். தவச்செல்வன் தேங்காயை உடைத்தான். பாலும் அறுகும் எடுத்து அவள் தலையில் வைத்தான். முதல் செம்பை வார்த்தான். தண்ணீர் குளிர்ந்தது போலும், பிள்ளை தோளைக் குறுக்கினாள். "மாமா, மெதுவா," என்றாள். "ஓம்," என்றான். அந்த வீட்டில் அவன் பேசியது அவ்வளவுதான்.

தட்டத்தை அக்காவின் கையில் கொடுத்தான். வெளியே ஆட்டோ நிறுத்தி வைத்திருந்தான். முதல் பந்திக்கு இலை போட்டிருந்தார்கள். தாய்மாமன் இலை நடுவில், வாழைப்பழத்தோடு. அதைப் பார்க்காமல் நடந்தான். ஆட்டோ கிளம்பிய சத்தம் பந்தலுக்குள் எல்லோருக்கும் கேட்டது.

சாப்பிடாமல் போகும் மாமன். இதைவிடப் பெரிய அவமானம் அந்த ஊரில் ஒரு வீட்டுக்காரனுக்கு இல்லை. 

"இலையை எடு," என்றான் உமாசுதன் பரிமாறுபவனிடம்.

பரிமாறுபவன் குனிந்தான். வதனா அவனைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வந்தவர்கள் எல்லோரும் உண்டு முடித்த பிறகுதான் வீட்டுக்காரி வாயில் வைப்பாள். அவள் அந்த இலைக்கு முன்னால், ஆண்களின் முதல் பந்தி நடுவில், காலை மடித்து உட்கார்ந்தாள். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தாள்.

"சோத்தைப் போடு," என்றாள்.